நடப்பவர் இல்லாத நகரம்

ராக்போர்ட் என்ற ஊரில் துறைமுகம் உண்டு, வானளாவிய கட்டடங்கள் உண்டு, கோல்ஃப் மைதானம், பெட்ரோல் பங்க், டோனட் கடை எல்லாம் உண்டு. நடந்து போகும் மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. 2005 நவம்பரில் வெளிவந்த 'நீட் ஃபார் ஸ்பீடு: மோஸ்ட் வான்டட்' என்ற வீடியோ கேமுக்காகக் கனடாவின் ஈ.ஏ. பிளாக் பாக்ஸ் நிறுவனம் கட்டிய கற்பனை ஊர் அது. பிரௌசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடி வளர்ந்த தமிழ்நாட்டுத் தலைமுறைக்கு அந்த ஊரின் சந்துபொந்துகள் அத்துப்படி. திருடப்பட்ட பி.எம்.டபிள்யூ காரை மீட்க, பதினைந்து பேர் கொண்ட கறுப்புப் பட்டியலை ஒவ்வொருவராகத் தோற்கடித்து மேலேற வேண்டும். இடையிடையே போலீஸிடமிருந்து தப்ப வேண்டும். பாதை போட்டுக் கொடுத்த பந்தயம் மட்டுமல்ல. பந்தயம் இல்லாத நேரத்திலும் ஊர் முழுக்க இஷ்டப்படி சுற்றலாம். இப்படிப்பட்டவற்றைத்தான் திறந்த உலக விளையாட்டு என்கிறார்கள்.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் இது பேசப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. இதன் பெரிய பலமும் பெரிய குறையும் ஒரே முடிவிலிருந்து பிறந்தவை என்பது என் கருத்து. தெருவைக் கார் ஓட்டுபவர் ஒருவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் பலம். அன்று வீடுகளில் பரவலாக இருந்த பிளேஸ்டேஷன் 2 கருவியின் முதன்மை நினைவகம் 32 மெகாபைட். இன்றைய கைபேசியில் எடுக்கும் சில புகைப்படங்களே அந்த இடத்தை அடைத்துவிடும். அதற்குள் ஒரு நகரத்தை வைக்க முடியாது. வைக்கவும் இல்லை. காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்துப் பட்டுத் தறியில் ஜக்கார்டு பெட்டிக்கு முன் எந்த நேரத்திலும் ஓர் அட்டைதான் நிற்கிறது. சேலைக் கரையின் முழு வடிவமும் பெட்டிக்குள் இருப்பதில்லை. சங்கிலியாகக் கோத்த அட்டைகள் ஒவ்வொன்றாக வந்து, தங்கள் துளைகள் சொல்லும் இழைகளை மட்டும் தூக்கவைத்துவிட்டு நகர்கின்றன. ராக்போர்ட்டும் அப்படித்தான் ஓடுகிறது. கார் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் மட்டும் நினைவகத்தில் இருக்கும். கார் முன்னே போகப் போக அடுத்த தெருக்கள் டி.வி.டி. வட்டிலிருந்து ஏறும், பின்னால் விட்ட தெருக்கள் அழியும். தொலைவில் தெரியும் கட்டடம் சில பட்டை முகங்களால் ஆன வெறும் பெட்டி. கிட்டே போனால்தான் அதற்குச் சன்னல் முளைக்கும்.

இதில் உள்ள நெருக்கடி வேகம். மணிக்கு 300 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 83 மீட்டர். அந்த ஓட்டத்துக்கு முன்னதாகத் தெருக்கள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் கார் வெற்றிடத்தில் பாயும். ஊரைச் சுற்றும்போது 'காத்திருக்கவும்' என்ற அறிவிப்பு வராமலே ராக்போர்ட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடக்க முடிந்தது, அந்தக் காலத்துக் கருவியில் பெரிய பொறியியல் சாதனை.

நடப்பவர்கள் இல்லாததும் இந்தக் கணக்கில் உதவியது. ஒவ்வொரு மனிதருக்கும் உருவம், அசைவு, அடுத்து எங்கே போவது என்ற முடிவு, இவை எல்லாவற்றுக்கும் நினைவகமும் கணிப்பு நேரமும் வேண்டும். ஆனால் தொழில்நுட்பம் மட்டும் காரணம் அல்ல. 1999இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'மிட்டவுன் மேட்னஸ்' சிகாகோ நகரத் தெருக்களில் நடப்பவர்களை உலவவிட்டிருந்தது. கார் நெருங்கினால் அவர்கள் பாய்ந்து விலகுவார்கள், அடிபடவே மாட்டார்கள். அதற்கு முன் 1997இல் வந்த 'கார்மகெடன்' நடப்பவர்களை இடித்தால் புள்ளி கொடுத்தது. பிரிட்டனில் தணிக்கைச் சிக்கல் வந்து, மனிதர்களைப் பச்சை இரத்தம் கொண்ட பிணங்களாக மாற்றித்தான் விற்க முடிந்தது. மோஸ்ட் வான்டட் இந்தத் தலைவலியையே தவிர்த்துவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் உறவுக்காரப் பையன் ஒருவன் பழைய கணினியில் இதை ஆடிக்கொண்டிருந்தபோது எது பிடிக்கிறது என்று கேட்டேன். "இதுல குறுக்க யாருமே வர மாட்டாங்க மாமா, அதான் நல்லாருக்கு" என்றான். விளையாட்டை வடிவமைத்தவர்கள் நினைத்ததும் அதுவேதான்.

வேகம் எப்படி உணரப்படுகிறது என்பது இதன் இரண்டாவது கெட்டிக்காரத்தனம். நாற்காலியில் அசையாமல் இருப்பவருக்கு 200 கிலோமீட்டர் வேகம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1950இல் எழுதிய நூலில் இதற்கு அடித்தளம் இட்டார். நாம் முன்னே நகரும்போது காட்சியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் நாம் போகும் திசையிலிருந்து விலகி ஓரங்களை நோக்கிப் பாய்கிறது. கண்ணுக்குக் கிட்டே உள்ளவை வேகமாகவும் எட்டே உள்ளவை மெதுவாகவும் ஓடுகின்றன. இந்தக் காட்சிப் பாய்ச்சலைக் கொண்டே மூளை வேகத்தை மதிப்பிடுகிறது. ஆகவே கேமராவைத் தரையோடு தாழ்த்து, பார்வைக் கோணத்தை விரி, சாலையோரம் விளக்குக் கம்பங்களையும் மரங்களையும் அடுக்கு, ஓரங்களை மங்கலாக்கு. மீட்டரில் உள்ள எண் மாறாமலே வேகம் கூடியதாக உடல் நம்பும். மோஸ்ட் வான்டட் இந்த வித்தைகளைத் தயக்கமின்றிக் கையாள்கிறது.

பொய் தொடங்கும் இடம் திருப்பங்கள். உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரின் உராய்வுக் கெழு சுமார் 0.8. பிரேக் பிடிப்பதற்கும் திரும்புவதற்கும் இந்த ஒரே பிடிமானம்தான். ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றதற்குக் குறையும். 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு தெருமுனையை இந்தப் பிடிமானத்தோடு அதிகபட்சம் 39 கிலோமீட்டர் வேகத்தில்தான் திருப்ப முடியும். 100 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வேண்டுமானால் வளைவின் ஆரம் கிட்டத்தட்ட 100 மீட்டர் இருக்க வேண்டும். ராக்போர்ட்டிலோ நூறைத் தாண்டிய வேகத்தில் நாற்சந்தியில் சரேலென்று திரும்பலாம். சுவரில் மோதினால் கண்ணாடி விரியும், வண்ணம் உரியும். ஆனால் எஞ்சினோ ஸ்டீயரிங்கோ தளராது. மோதலுக்கு விலை இல்லாதபோது சுவரையே பிரேக்காகப் பயன்படுத்தப் பழகிவிடுகிறோம்.

இன்னொரு குறை, ஆடியவர்கள் எல்லாரும் எரிச்சலோடு சொல்வது. எவ்வளவு நன்றாக ஓட்டி முந்தினாலும் கடைசி வளைவில் போட்டிக்காரன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பான். நாம் முந்தும்போது கணினி அவன் வேகத்தைக் கூட்டுகிறது, நாம் பின்தங்கினால் குறைக்கிறது. பந்தயம் கடைசிவரை விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் முதல் இரண்டு நிமிடம் காட்டிய திறமைக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. இதை நான் சிறிய குறையாக நினைக்கவில்லை. கற்றுக்கொண்டதற்குப் பலன் தராத விளையாட்டு, ஆடுபவரை மதிக்காத விளையாட்டு.

போலீஸ் துரத்தலில் கதை வேறு. அங்கேதான் இந்த விளையாட்டு உண்மையிலேயே உயர்ந்து நிற்கிறது. தப்பிக்கத் தப்பிக்கத் தேடுதலின் கடுமை படிப்படியாக ஏறும். சாதாரண ரோந்துக் காரில் தொடங்கி, சாலைத் தடுப்பு, முள்பட்டை, எதிரே பாய்ந்து வரும் கனரக வண்டி என்று வளரும். போலீஸ் வானொலியில் அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும். எந்தத் திசையில் மறிக்கப் போகிறார்கள், எப்போது நம்மைத் தொலைத்துவிட்டார்கள் என்று அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். கணினி எடுக்கும் முடிவு வெளியே தெரிந்தால்தான் அது புத்திசாலித்தனமாக உறைக்கிறது. இதைப் புரிந்துகொண்டு செய்திருக்கிறார்கள். கண்ணில் படாமல் ஒளிய இடம் தேடும்போது ஊரின் வரைபடம் தானாக மனதில் ஏறுகிறது. தெரு தெரிந்தவன் தப்பிப்பான். இது நேர்மையான பலன்.

இவை மனதை என்ன செய்கின்றன? ஷான் கிரீனும் டாஃப்னி பாவேலியரும் 2003இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, விறுவிறுப்பான வீடியோ கேம்கள் ஆடுபவர்களின் காட்சிக் கவனம் மேம்படுவதைக் காட்டியது. ஜெர்மனியில் பீட்டர் ஃபிஷர் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு கார்ப் பந்தய விளையாட்டுகளையே எடுத்துக்கொண்டது. அவற்றை ஆடி முடித்தவுடன் ஆபத்தைத் துணிந்து ஏற்கும் எண்ணங்கள் கூடின. போக்குவரத்துக் காட்சிகளைக் காட்டிச் சோதித்தபோது, ஆடியவர்கள் அதிக ஆபத்தான முடிவுகளை எடுத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் சில நிமிடங்களில் அளந்தது அது, வாழ்நாள் பழக்கத்தை அளந்ததல்ல. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. கூர்மையான கண்ணும் துணிந்த காலும் ஒரே ஆளிடம் இருக்க முடியும்.

உண்மையான ஊரில் தெருவைப் பந்தயத்துக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2024இல் பார்த்தது. ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் நகரச் சாலையில் ஃபார்முலா 4 கார்கள் இரவில் ஓடின. 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. கான்கிரீட் தடுப்புகளும் கம்பி வேலிகளும் நட்டு, சாலைகளை அடைத்து, போக்குவரத்தைத் திருப்பிவிட்டு, சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் பாதுகாப்புச் சான்றுக்குக் காத்திருந்து, முதல் நாள் திட்டமிட்ட நேரம் கடந்தே கார்கள் இறங்கின. மூன்றரை கிலோமீட்டரிலிருந்து நடப்பவர்களை இரண்டு நாள் விலக்கிவைக்க இவ்வளவு தேவைப்பட்டது. இதே காரணத்துக்காகத்தான் காஞ்சிபுரம் மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனி ஓடுதளம் இருக்கிறது. ராக்போர்ட்டில் இந்தச் செலவு எதுவும் கண்ணில் படுவதில்லை.

பிள்ளையார்பாளையத்தில் தெரு என்பது வேலை செய்யும் இடமும்கூட. காலை வெயிலில் பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நீள இழைகளை, தெருவின் நீளத்துக்கு நீட்டி, கஞ்சி போட்டு, இழை அறுந்த இடங்களை முடிந்து சரிசெய்வார்கள். மூன்று சேலைக்கான பாவு என்றால் ஏறக்குறைய 17, 18 மீட்டர். இப்போது ஒரு கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் எதிரே ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று கொள்வோம். அதற்குள் வண்டி 17 மீட்டர் போய்விடும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே ஒரு பாவின் முழு நீளமும் கடந்தாயிற்று. அதற்கு மேல் வண்டி நிற்க இன்னும் 8 மீட்டர் வேண்டும். வேகம் 80 ஆனால் மொத்தம் 65 மீட்டர். இந்தியச் சாலைப் பொறியாளர்கள் இன்னும் எச்சரிக்கையாகக் கணக்கிட்டு, எதிர்வினைக்கு இரண்டரை நொடி ஒதுக்குகிறார்கள்.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். விளையாட்டு படம் வரையாமல் விட்டது இவர்களைத்தான். இதற்காக ஒரு கேமைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. சாலைகளை நடப்பவருக்காக அமைக்காதது கேம் செய்த தவறல்ல. ஆனால் தெரு என்றால் காலியான தார் என்ற படத்தை அழகாக, திரும்பத் திரும்ப மனதில் பதிக்கிறது. அதுதான் என் புகார்.

இன்று நடப்பவர்களை அப்படி விட்டுவிட வேண்டிய கட்டாயமும் இல்லை. பிளேஸ்டேஷன் 5இல் 16 கிகாபைட் நினைவகம் இருக்கிறது, பழையதைப் போல 500 மடங்கு. கூட்டத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படி விலகிச் செல்கிறார்கள் என்பதற்கு டிர்க் ஹெல்பிங்கும் பீட்டர் மோல்னாரும் 1995லேயே சமன்பாடு எழுதிவிட்டார்கள். காஞ்சிபுரத்தை வைத்து ஒரு விளையாட்டு செய்தால், காலையில் பாவு நீட்டிய தெரு அடைத்திருக்கும், வெயில் ஏறியதும் திறக்கும். வைகாசி கருட சேவை அன்று காந்தி ரோட்டில் சக்கரமே நுழைய முடியாது. கைலாசநாதர் கோயில் பக்கம் சுற்றுலாப் பேருந்து திரும்பும் நேரத்தில் வேறு சந்து தேட வேண்டும். நேற்று தப்பித்த வழி இன்று இருக்காது. ஊரின் நேரமும் வழக்கமும் தெரிந்தவரே முந்துவார். போட்டிக்காரனின் வேகத்தை மறைவாகக் கூட்டிப் பரபரப்பு உண்டாக்க வேண்டிய தேவையும் அங்கே இராது.