உயிரியல் சோதனைச்சாலையில் கைத்திறனுக்கு வேலை

உயிரியல் சோதனைச்சாலையில் வேலை என்றால் அது பட்டதாரிகளுக்கே உரியது என்று கண்ணமங்கலம் பகுதி அங்கத்தினர்கள் எண்ண வேண்டுவதில்லை. கரும்பின் இடைக்கணுப் புழுவை அடக்கும் டிரைக்கோகிரம்மா என்னும் நுண்ணிய குளவியைப் பெருக்கும் நிலையங்களில் பெரும்பகுதி கைவேலையே. உடைத்த கம்பில் நெல் அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளைச் சலித்தெடுத்து அட்டையில் ஒட்டி, அம்முட்டைகளுக்குள் குளவி தன் முட்டையை இடும்படி செய்வர். தறியில் அறுந்த இழையைப் பிணைத்துப் பழகிய விரல்களுக்கு இது அரிதன்று. பட்டுத் தொழிலுக்கும் இத்துறை அந்நியமன்று. 2010-ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வருவித்த வேறொரு குளவியே நம் மல்பெரித் தோட்டங்களைப் பப்பாளி மாவுப்பூச்சியினின்று காத்தது.

ஆனால், அந்துப்பூச்சியின் செதில்தூள் மூச்சிரைப்பை உண்டாக்கவல்லது. ஆகவே, சம்பளத்தை விசாரிக்குமுன், முகக்கவசம் தருவார்களா, அறையில் காற்றோட்டம் உண்டா என்பதைக் கேட்டறிக. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை அவ்வேலைக்கு அனுப்பவே கூடாது. பயிற்சி பற்றிக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.