உறிஞ்சியது போதாதா?
அந்த மூன்று நாட்கள் – 7

1970களின் கடைசியில் அமெரிக்க வீடுகளின் தபால் பெட்டிகளில் ஓர் இலவசப் பொட்டலம் வந்து விழுந்தது. சோப்பும் டயப்பரும் விற்றுப் பெரிய ஆளான பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம், 'ரிலை' என்ற தன் புது டாம்பூனை, அதாவது மாதவிடாயின்போது பிறப்புறுப்புக்குள் வைக்கும் உறிஞ்சியை, வீடு வீடாக அனுப்பிக்கொண்டிருந்தது. கவலையையும் சேர்த்தே உறிஞ்சிவிடும் என்பது அதன் விளம்பரம்.

பார்க்க டீ பை மாதிரி இருக்கும். உள்ளே பஞ்சு கிடையாது. பாலியெஸ்டர் நுரைத் துண்டுகளும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸும்தான். பற்பசையையும் ஐஸ்கிரீமையும் கெட்டியாக்கச் சேர்க்கிறார்களே, அதே பொருள். ஈரம் பட்டதும் ஊதிப் பெருத்துவிடும். அடிக்கடி மாற்ற வேண்டாம், கறை பயம் இல்லை. வேலைக்கு ஓடுகிற பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்? நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன்.

1980 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 55 பேரைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அநேகமாக எல்லோருமே நோய்நொடி இல்லாத இளம் பெண்கள். திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, வெயிலில் வெந்ததுபோல் உடம்பெல்லாம் சிவப்பு. ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கியது. பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் தோல் உரிந்தன. பெரும்பாலோர் அப்போது மாதவிடாயில் இருந்தவர்கள். செப்டம்பரில் வந்த அடுத்த ஆய்வில், பாதிக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் ரிலை பயன்படுத்தியவர்கள் என்று தெரிந்தது. அந்த மாதம் 22-ம் தேதி நிறுவனம் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அந்த ஆண்டு மட்டும் மாதவிடாயோடு தொடர்புடைய 38 மரணங்கள் பதிவாயின.

நோயின் பெயர் டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம். 1978-ல் டென்வர் நகர மருத்துவர் ஜேம்ஸ் டாட் வைத்த பெயர். அவர் விவரித்த ஏழு பிள்ளைகளில் பையன்களும் உண்டு! நோய்க்குக் காரணம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருப்பதுதான். அதில் சில வகைகள் மட்டும் நஞ்சு சுரக்கும். டாம்பூனோடு உள்ளே போகும் காற்றும், மணிக்கணக்கில் தேங்கும் ரத்தமும் அவற்றுக்குக் கொண்டாட்டம். வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நஞ்சை முறிக்கும் எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே வந்திருக்கும். அது வராத பதின்வயதுப் பெண்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள்.

பழியை ரிலை மேல் மட்டும் போட்டுவிட முடியாது. மற்ற பிராண்டுகளைப் பயன்படுத்தியவர்களுக்கும் வந்தது. உறிஞ்சும் திறன் கூடக் கூட ஆபத்தும் கூடியது. ஆனால், கடையில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? ஒரு கம்பெனியின் 'ரெகுலர்' இன்னொன்றின் 'சூப்பரை'விட அதிகம் உறிஞ்சும். எல்லோருக்கும் ஒரே அளவு வேண்டும் என்று பாஸ்டனின் எஸ்தர் ரோம் போன்ற பெண்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். 1990-ல்தான் அது விதியானது. 6 கிராம் வரை ஜூனியர் (இன்றைய லைட்), 9 வரை ரெகுலர், 12 வரை சூப்பர். பத்து வருடம், ஒரு லேபிளுக்கு.

இந்த நோய் இன்று மிக அரிது. நீச்சலுக்குப் போகும் மகளுக்கு டாம்பூன் வாங்கித் தரத் தயங்க வேண்டாம். கன்னித்தன்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவளுடைய ரத்தப்போக்குக்குப் போதுமான மிகக் குறைந்த அளவை வாங்குங்கள். நான்கிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் மாற்றியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி நேரம் தூங்குகிறவள் என்றால் இரவுக்கு நாப்கினே நல்லது. எடுத்த பிறகு மட்டுமல்ல, வைப்பதற்கு முன்பும் கையைக் கழுவ வேண்டும். போக்கு இல்லாத நாளில், முன்னெச்சரிக்கை என்று வைக்கக் கூடாது. கடைசி நாளில் வைத்ததை எடுக்க மறப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். காய்ச்சலோடு தலைசுற்றலும் வாந்தியும் வந்தால் உடனே அதை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். டாம்பூன் வைத்திருந்ததை டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும்; சொன்னால்தான் அவருக்கு இந்த நோயின் நினைப்பே வரும்.

மென்சுரல் கப் பயன்படுத்துகிறவர்களுக்கும் அபூர்வமாக இது வந்திருக்கிறது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)