தாயத்துக்கும் விலையா?

விளையாட்டு வினையாகும் என்பது முதுமொழி. அதன் உண்மையைக் கைத்தொலைபேசியின் சிறு திரையிலே காணுங் காலம் இது.

அண்மையில் நாரந்தனையில் உறவினர் இல்லமொன்றுக்குச் சென்றிருந்தோம். விறாந்தையிலே பத்து வயதுப் பேரன் ஒருவன் கைத்தொலைபேசியில் ஆழ்ந்திருந்தான். திடீரென அதனைப் பாயில் எறிந்துவிட்டு, முகஞ் சிவக்க எழுந்தான். ஆட்டத்தில் அவனுக்கிருந்த உயிர்கள் தீர்ந்துவிட்டனவாம். ஒன்று, காத்திருக்க வேண்டும். அன்றேல், காசு கொடுத்து உயிர் வாங்க வேண்டும்.

"ஆச்சி, மாமா அனுப்பின காசிலை ஒரு றீலோட் போட்டுத் தாங்கோ" என்று கெஞ்சினான்.

ஆச்சி நிமிர்ந்து பார்த்தார். "தாயம் விழாட்டிச் சோகிக்குக் காசு குடுக்கிறதோ, ராசா?" என்றார்.

அக்கேள்வி நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆத்திரமூட்டும் அமைப்பு விளையாட்டுக்குப் புதிதன்று. தாயம் விழும்வரை காயை இறக்க வழியில்லை. லூடோவிலே ஆறு விழவேண்டும். நூறு பேர் ஆளுக்குப் பத்து முறை தாயக்கட்டையை உருட்டினால், ஏறத்தாழப் பதினாறு பேருக்கு ஒரு முறையேனும் ஆறு விழாது என்பது கணக்கு. பாம்பும் ஏணியும் ஆட்டத்திலோ, முடிவை அணுகியவனைப் பாம்பு விழுங்கிவிடும். ஆயினும் இவ்விடர்கள் எல்லோர்க்கும் பொது. ஒருவன் தோற்றதனால் பலகை செய்தவனுக்குக் காசு சேர்வதில்லை.

காசு புகுந்த கதை வேறு. 1978ஆம் ஆண்டில் யப்பானில் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் ஆட்டம் வெளிவந்தது. நாணயமிட்டு ஆடும் இயந்திரம் அது. ஆடுபவன் விரைவில் தோற்றால்தான் அடுத்த நாணயம் விழும். ஆகவே, சில உயிர்கள் மட்டும் கொடுத்து, வரவர வேகத்தைக் கூட்டுவது இத்தகைய இயந்திரங்களின் வழக்கமாயிற்று. பின்னர் ஆட்டம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தது. நாணயத் துளை மறைந்தது. எண்ணிக் கொடுக்கும் உயிர்களோ மறையவில்லை.

சில ஆட்டங்கள் ஆத்திரமூட்டுவது அவசரத்தால். 1982இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘ஈ.ரி.’ ஆட்டம் ஏறத்தாழ ஐந்து வாரங்களிலே ஆக்கப்பட்டது. அடிக்கடி குழியில் விழுவதும் ஏறுவதுமாகவே ஆடுவோர் களைத்தனர். விற்பனையாகாத பிரதிகள் 1983இல் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோப் பாலைநிலத்தில் புதைக்கப்பட்டன. 2014இல் அவற்றிற் சில தோண்டி எடுக்கப்பட்டன.

அவசரத்தால் நேர்ந்த பிழையை மன்னிக்கலாம். திட்டமிட்டு மூட்டும் ஆத்திரத்தை என்னென்பது? 2012இல் வந்த ‘கண்டி கிறஷ் சாகா’வில் உயிர்கள் ஐந்து. இழந்த ஓர் உயிர் மீள 30 நிமிடம் செல்லும். பொறுக்கமாட்டாதவர் காசு கொடுக்கலாம். இங்கே விற்கப்படுவது இன்பமன்று, துன்பத்திலிருந்து விடுதலை! உள்ளே இருப்பது யாதெனத் தெரியாமல் வாங்கும் பரிசுப் பெட்டிகள் இன்னொரு வகை. 2018இல் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணைக்குழு, சில ஆட்டங்களில் இருந்த இத்தகைய பெட்டிகள் சட்டத்துக்கு முரணானவை என அறிவித்தது.

கடினம் யாவும் தீதென்பது நம் கருத்தன்று. வியட்நாமைச் சேர்ந்த டொங் நுயென் 2013இல் வெளியிட்ட ‘பிளப்பி பேர்ட்’ மிகக் கடினமானது; ஆயினும் தோற்ற மறுகணமே மீண்டும் தொடங்கலாம். அதற்கும் மக்கள் அடிமையாவதைக் கண்டு, 2014இல் அவரே அதனை மீட்டுக்கொண்டார்.

பெற்றோர் அறியவேண்டியது மற்றொன்றும் உண்டு. பலர் கூடி இணையத்தில் ஆடும் ஆட்டங்களை நடுவில் நிறுத்திவைக்க இயலாது. "சாப்பிட வா" என்று அன்னை அழைத்தும் பிள்ளை எழாதிருப்பது எப்போதும் கீழ்ப்படியாமையன்று. ஆட்டத்தின் அமைப்பும் அவனைக் கட்டிவைக்கிறது. ஒரு சுற்று எவ்வளவு நேரம் என்று முன்னரே கேட்டறிந்து, அது முடியும் வேளையில் அழைப்பின் வீட்டிற் பாதிச் சண்டை குறையும். தோற்றவன் பிழை தன்னுடையதா, அன்றிக் காசு கேட்கும் அமைப்பினுடையதா என்று பிள்ளையையே சிந்திக்கச் செய்தல் அதனினும் நன்று. ஏமாற்றும் ஆட்டத்தைத் தானே இனங்காணப் பழகிய பிள்ளைக்குக் காவல் வேண்டியதில்லை.

அன்று மாலை ஆச்சி தரையிலே வெண்கட்டியால் தாயக் கோடு கீறினார். ஏழு முறை எறிந்தும் பேரனுக்குத் தாயம் விழவில்லை. முகம் சுருங்கிற்று. ஆச்சிக்கும் விழவில்லை என்பதைக் கண்டான், சிரிப்பு வந்தது. மறுபடியும் சோகிகளைக் கையில் எடுத்தான்.