வெப்பத்தால் பதியும் வண்ணங்கள்

சென்ற ஆண்டு விளையாட்டு விழாவிற்கு எங்கள் வகுப்பினர் 42 பேரும் ஒரே மாதிரி டி-சர்ட் அணிய வேண்டும் என்று விரும்பினோம். முன்பக்கம் பள்ளிச் சின்னம், பின்பக்கம் அவரவர் பெயர். எங்களுக்குத் தினமும் மணியடித்த ஆயாம்மா பணி ஓய்வு பெறும் ஆண்டும் அதுவே. ஆகவே முற்றத்து வேப்பமரத்தின் படம் பதித்த பீங்கான் கோப்பை ஒன்றை அவர்களுக்குக் கொடுப்பது என்றும் முடிவு செய்து, ஆளுக்கு 200 ரூபாய் சேர்த்தோம். எங்களில் பாதிப் பேர் வீட்டில் தறி ஓடுகிறது. 200 ரூபாய் என்று கேட்டால் எத்தனை கேள்வி வரும் என்பது எங்களுக்குத் தெரியும். எனவே முழுப் பணத்தையும் கொடுக்குமுன் ஒரு சட்டையில் மட்டும் மாதிரி செய்து பாருங்கள் என்று வகுப்பாசிரியை சொன்னது நல்லதாயிற்று.

வெள்ளைப் பருத்திச் சட்டையில் சின்னம் சற்று மங்கலாக, ஆனால் பார்க்கும்படியாகத்தான் வந்தது. ஒரு முறை துவைத்தோம். மழையில் நனைந்த சுவரொட்டிபோல் வெளுத்துவிட்டது! கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எங்களில் சிலர் கொதித்தனர். விசாரித்த பிறகுதான், நாங்கள் கொடுத்த துணிக்கும் அவர் போட்ட சாயத்துக்கும் உறவே இல்லை என்பது புரிந்தது. அதைப் பற்றித் தெரிந்துகொண்டதைத் தோழியருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

கற்பூரத்தைத் திறந்து வைத்தால் உருகி ஓடாமலே நாளுக்கு நாள் குறைந்துபோகும். இவ்வாறு திண்மம் திரவமாகாமல் நேரே ஆவியாவதைப் பதங்கமாதல் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆங்கிலத்தில் அதுவே சப்ளிமேஷன். கடைகளில் சொல்லும் 'சப்ளிமேஷன் பிரிண்ட்' இதுதான். படத்தை முதலில் ஒரு காகிதத்தில் அச்சிடுகிறார்கள். அந்த மையில் இருப்பது டிஸ்பர்ஸ் சாயம் எனப்படும், நீரில் எளிதில் கரையாத சாயம். காகிதத்தைச் சட்டைமேல் கவிழ்த்து, 'ஹீட் பிரஸ்' இயந்திரத்தில் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் போல அழுத்தினால் சாயம் ஆவியாகித் துணிக்குள் புகும். பாலியெஸ்டர் இழை சூட்டில் நெகிழ்ந்து அந்த ஆவிக்கு இடங்கொடுக்கும். ஆறியதும் இறுகிச் சாயத்தை உள்ளே பூட்டிவிடும். விரலால் தடவினால் படம் இருப்பதே தெரியாது. எத்தனை முறை துவைத்தாலும் உரியாது.

பாலியெஸ்டர் இழையை 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் உருவாக்கினர். காகிதத்திலிருந்து சாயத்தை ஆவியாக்கித் துணிக்கு மாற்றும் வழியைப் பிரான்சு நாட்டின் நோயெல் தெ பிளாஸ் 1957-இல் கண்டார். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திய ஜோடி. பருத்தியின் குணமோ வேறு. அது தண்ணீரை விரும்பும் இழை. சாயம் நீரில் கரைந்து, இழையில் ஊறி ஏற வேண்டும். அருப்புக்கோட்டைப் பக்கம் சாயத்தொட்டியில் நூலை முக்கியெடுத்து வெயிலில் காயப்போடுவதை நாங்கள் சிறு வயது முதல் பார்த்து வருகிறோம். பார்த்தும் எங்களுக்கு இது தோன்றவில்லை!

இன்னொரு குறையும் உண்டு. சப்ளிமேஷன் மையில் வெள்ளை நிறம் கிடையாது. அது கண்ணாடித்தாள் போல அடித்துணியின் நிறத்தைக் காட்டும். ஆகையால் வெள்ளை அல்லது வெளிர்நிறத் துணிக்கே அது ஏற்றது. கருநீலச் சட்டையில் மஞ்சள் பூவைப் பதிக்க முடியாது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியிலோ, பாலியெஸ்டர் இழையில் மட்டும் சாயம் நிற்கும். பருத்தியில் பட்டது துவைக்கும்போது போய்விடும். படம் நரைத்தாற்போல் ஆகும்.

சட்டை எந்தத் துணி என்று எப்படி அறிவது? பையில் ஒட்டியிருக்கும் சீட்டை முழுவதும் நம்ப வேண்டியதில்லை. எங்கள் தோழி ஒருத்தியின் அப்பத்தா நாற்பது ஆண்டு பாவு ஓட்டியவர். "ஓரத்துல ஒரு இழைய உருவித் தீயில காட்டுங்கத்தா, அதுவே சொல்லும்" என்றார். அவர் முன்னிலையிலேயே செய்து பார்த்தோம். பருத்தி இழை காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலானது. பாலியெஸ்டர் சுருங்கி உருகி, நுனியில் கறுப்பு மணியாக இறுகியது. (பெரியவர்கள் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். உருகிய சொட்டு விரலில் ஒட்டிக்கொள்ளும்.)

அப்படியானால் பாலியெஸ்டர் சட்டையே வாங்கிவிடலாமே என்று பாதிப் பேர் வாதிட்டனர். இம்முறைக்குத் துணியை அலசத் தண்ணீர் தேவையில்லை என்பதையும் எடுத்துச் சொன்னார்கள். வறண்ட ஊரில் அது சிறிய செய்தியன்று. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் ஒருத்தி நினைவூட்டினாள். ஆனால் பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. பாளையம்பட்டி வெயிலில் மைதானத்தில் காலை முதல் மாலை வரை நின்றவர்களுக்கு மற்றதைச் சொல்ல வேண்டாம். தறிக்காரர் வீட்டுப் பெண்கள் பருத்திதான் வேண்டும் என்று உறுதியாக நின்றனர். பருத்தியே வென்றது.

பருத்திக்கு வேறு வழிகள் இருக்கின்றன. ஒன்று வினைல். நிறத்தாளை இயந்திரத்தால் எழுத்து வடிவில் வெட்டி, வேண்டாத பகுதியை ஊசியால் கிள்ளியெடுத்து, சூட்டில் ஒட்டுவது. ஆட்டக்காரர்களின் எண்களுக்கு நன்றாயிருக்கும். எங்கள் சின்னத்தில் ஐந்து நிறம், நுண்ணிய எழுத்து, கிள்ளியெடுப்பவர் பாவம். மற்றொன்று, ஒரே படம் ஒரே நிறத்தில் நூறு சட்டைக்கு வேண்டுமென்றால், ஸ்கிரீன் பிரிண்டிங். இதில் மை நேரே துணியில் இறங்கும், செலவும் குறையும். ஆனால் 42 பெயருக்கு 42 சட்டம் செய்ய யாரால் முடியும்?

கடைசியில் நாங்கள் எடுத்தது டி.டி.எஃப். என்னும் முறை. ஒரு பிளாஸ்டிக் படலத்தில் படத்தை அச்சிட்டு, அதன்மேல் வெள்ளை மையும் பூசி, ஈரத்தின்மேல் பசைத்தூளைத் தூவி உருக்குகிறார்கள். பிறகு 150 டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் சில விநாடிகள் சட்டையில் அழுத்திப் படலத்தை உரித்தால், படம் மட்டும் துணியில் நிற்கும். பருத்தி, பாலியெஸ்டர், கறுப்பு, வெள்ளை எதற்கும் ஒத்துவரும். படலத்துக்கு நீளத்தை அளந்து காசு வாங்குகிறார்கள். ஆகவே தையல்காரர் துணியை மிச்சமின்றி வெட்டுவதுபோல, 42 பெயர்களையும் சின்னங்களையும் இடைவெளியில்லாமல் அடுக்கிக் கொடுத்தோம். கையெழுத்து அழகான தோழி இருவர் ஒரு மாலை முழுவதும் இதற்கே செலவிட்டனர். இம்முறையிலும் குறை உண்டு. படம் ரப்பர்த் தோல்போல் மேலே நிற்பதால் அந்த இடத்தில் காற்றுப் போகாது. எனவே மார்பு முழுவதும் பரப்பாமல், சின்னத்தை உள்ளங்கை அளவில் வைத்தோம். துவைக்கும்போது சட்டையைப் புரட்டிப் போட வேண்டும். படத்தின்மேல் நேராக இஸ்திரி போடக் கூடாது.

கோப்பைக்கு மட்டும் சப்ளிமேஷனே சிறந்தது. பீங்கானுக்கு ஏது பாலியெஸ்டர் என்று கேட்பீர்கள். அதற்கென்று விற்கும் கோப்பையின்மேல் சாயத்தை ஏற்கும் ஒரு பூச்சு இருக்கிறது. வீட்டு அலமாரியிலுள்ள சாதாரணக் கோப்பையைக் கொண்டுபோனால் படம் நிற்காது. காகிதத்தைச் சுற்றிச் சூடு தாங்கும் நாடாவால் ஒட்டி, ஏறத்தாழ மூன்று நிமிடம் அழுத்துகிறார்கள். காகிதம் இம்மியளவு நகர்ந்தாலும் படம் இரட்டையாகத் தெரியும்.

காகிதத்தைக் கவிழ்த்து வைப்பதால் எழுத்துகளை இடவலமாகத் திருப்பி அச்சிட வேண்டும். இதைக் கேள்விப்பட்டு நாங்கள் புத்திசாலித்தனமாகத் திருப்பியே கொடுத்தோம். கடையிலும் வழக்கம்போல் திருப்பினார்கள். 'நன்றி ஆயாம்மா' என்பது கண்ணாடியில் பார்த்துப் படிக்கும்படி வந்தது! இரண்டாவது கோப்பைக்கு மீண்டும் ஆளுக்குச் சில்லறை கேட்க நேர்ந்தது. அது சரியாக வந்தது. கம்பி நாரால் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும் என்று ஆயாம்மாவிடம் சொல்லிக் கொடுத்தோம். "காப்பி குடிக்கவா கொடுத்தீங்க, வச்சுப் பாக்கத்தானே" என்று சேலைத் தலைப்பில் அதைத் துடைத்துக்கொண்டார்கள்.

முதல் கோப்பையில் இப்போது வகுப்பின் சாக்பீஸ் துண்டுகள் இருக்கின்றன. வெளுத்த மாதிரிச் சட்டையால் கரும்பலகை துடைக்கிறோம்; பருத்தியாதலால் நன்றாகவே துடைக்கிறது.