மீன் படங்களும் நிறப்பிரிப்பும்

விழிஞ்ஞம் துறையில் இறங்கும் மீன்களுள் மலையாளத்தார் கிளிமீன் என்பதைத் தமிழ்நாட்டார் சங்கரா என்பர். இவ்வொரு பெயருக்குள் பல இனங்கள் அடங்கும். நெமிப்டீரஸ் ஜப்பானிகஸ் இனத்தில் வாலின் மேல்மடலிலிருந்து நீளும் இழை மஞ்சள். நெமிப்டீரஸ் ராண்டலியில் அது சிவப்பு. களப்பணியாளர் வண்ணப்படத்தைப் பார்த்து இனம் பிரித்துக் கணக்கெழுதும்போது, அச்சில் அவ்விழையின் நிறம் பிறழ்ந்திருப்பின் கணக்கும் பிறழும்.

வண்ண அச்சில் வழக்கமாகச் சிவப்பு மை என ஒன்று இல்லை. சயான் என்னும் பச்சை கலந்த நீலம், மெஜந்தா என்னும் ஊதாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளே உள்ளன. மூலப்படத்தை இந்நான்காகப் பகுப்பதே நிறப்பிரிப்பு. (நிறப்பிரிவினை என்று மொழிபெயர்த்தால் வேறு பொருள்படும்.) முன்னாளில் சிவப்பு, பச்சை, நீல வடிகண்ணாடிகளின் வழியே படத்தைத் தனித்தனியே பிடித்து, முறையே சயான், மெஜந்தா, மஞ்சள் தகடுகளை ஆக்கினர். இன்று அவ்வேலையைக் கணினி செய்கிறது, தத்துவம் மாறவில்லை. மூன்று மைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் கறுப்பு வரவேண்டும். மைகள் முற்றிலும் தூயன அல்லவாதலின் பழுப்பே வருகிறது. கறுப்புக்குத் தனித்தகடு அதனால்தான்.

இம்மாவட்டத்துக் கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா 1894-இல் பம்பாயில் நிறுவிய கல்லச்சகத்தில் ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு கல் வேண்டியிருந்தது. நான்கு தகடுகளோடு முடியும் நம் பாடு எளிதே.

ஒவ்வொரு தகட்டிலும் நிறம் நுண்புள்ளிகளாக அமையும். புள்ளி வரிசைகள் தவறான கோணங்களில் சந்தித்தால் படத்தில் வேண்டாத அலைக்கோலம் தோன்றும். ஆகவே சயானை 15, கறுப்பை 45, மெஜந்தாவை 75 பாகையிலும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத மஞ்சளைச் சுழியிலும் வைப்பது வழக்கம்.

இனி இழைக்கு வருவோம். மஞ்சள் இழை மஞ்சள் தகட்டில் மட்டும் இருத்தல் வேண்டும். மெஜந்தா சிறிது கலந்தாலும் செம்மை ஏறிவிடும். சிவப்பு இழைக்கோ மெஜந்தாவும் மஞ்சளும் ஒரே கோட்டில் பொருந்தவேண்டும். அரை மில்லிமீட்டர் விலகினால் ஓரிழை ஈரிழையாகி, ஒன்று மஞ்சளாகவே நிற்கும். மெய்ப்புத் திருத்துவோர் எழுத்துப் பிழையை மட்டும் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுவது இவ்விடத்தில் ஆகாது. வால்நுனியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குதல் வேண்டும்.

பிழையின் வித்து பெரும்பாலும் கரையிலேயே விழுகிறது. இறந்த மீனின் நிறம் விரைவில் மங்குமாதலின், கரையேறியவுடன் நிழலில் படமெடுத்தல் நன்று. நீலத் தார்ப்பாயின்மேல் கிடத்தலாகாது. அதன் சாயல் வெள்ளி வயிற்றில் படிந்து, சயான் தகட்டில் கறையாக ஏறும். படத்தின் ஓரத்தில் சாம்பல்நிற அட்டையொன்று இருப்பின், நிறம் திரிந்த அளவை அச்சகத்தார் கண்டு திருத்துவர்.

ஆசிரியர்கள் வகுப்பில் பழைய நாட்காட்டிப் படமொன்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்துக் காட்டலாம். நான்கு நிறப் புள்ளிகளும் ரோஜா இதழ்கள்போல் வட்டமிட்டு நிற்பதை மாணவர் தாமே காண்பர்.