கோடையில் நாயின் முடியை மழிக்கலாமா?

கோடை தொடங்கியதும், அடர்ந்த முடியுள்ள நாய்களை வளர்ப்போர் சிலர், வெப்பம் தாங்காது என்றெண்ணி அவற்றின் முடியை ஒட்ட மழித்துவிடுகின்றனர். அன்பினால் செய்யப்படும் இச்செயல் நன்மையைவிடத் தீங்கையே மிகுதியாக விளைவிக்கக்கூடும்.

ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன், சைபீரியன் ஹஸ்கி ஆகிய இனங்களுக்கு முடி இரண்டு அடுக்குகளாக அமைந்துள்ளது. வெளியே தெரியும் முரட்டு மேல்முடி வெயிலையும் மழைநீரையும் தடுக்கிறது. அதனடியில் பஞ்சுபோல் அடர்ந்த அடிமுடி குளிரிலிருந்து காக்கிறது. பருவம் மாறும்போது அடிமுடி கொத்துக்கொத்தாக உதிரும். உதிர்ந்த முடி வெளியேறாமல் சிக்கிக்கொண்டால் தோலில் காற்றுப் படாது; வெப்பமும் ஈரமும் தங்கும். ஆகவே, அகற்ற வேண்டியது அந்த உதிர்ந்த முடியை மட்டுமே.

மழித்துவிட்டால் தோல் நேரடியாக வெயிலுக்கு ஆளாகிறது. மேல்முடி மெதுவாகவே வளரும் என்பதால், சில நாய்களுக்கு முடி திட்டுத்திட்டாக முளைத்து, பல மாதங்களாகியும் பழைய நிலை திரும்புவதில்லை. நாய்கள் மனிதரைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் நாக்கை நீட்டி மூச்சிரைப்பதன் மூலமே உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கின்றன.

வாரத்திற்கு 2 அல்லது 3 முறையும், முடி உதிரும் காலத்தில் நாள்தோறும் சீவிவிடுதல் நலம். மேலோட்டமாகச் சீவினால் போதாது. தோல் தெரியுமாறு வகிடெடுத்து, பகுதி பகுதியாகச் சீவ வேண்டும். முதலில் ஸ்லிக்கர் பிரஷ்ஷால் சிக்கெடுத்து, பின்னர் அடிமுடிக்கென விற்கப்படும் அகன்ற பல் சீப்பை அழுத்தாமல் இழுக்கலாம். காதின் பின்புறம், தொடை, வாலின் அடி ஆகிய இடங்களில் சிக்கு எளிதில் விழும். அப்போதே உண்ணிகள் உள்ளனவா என்றும் பார்த்துவிடலாம்.

குளிப்பாட்டுமுன் சீவுவது அவசியம். நனைந்தால் சிக்கு மேலும் இறுகும். நாய்களுக்குரிய ஷாம்பூவையே பயன்படுத்துக. குளித்தபின் அடிமுடி வரை உலர்த்தாவிடில், குறிப்பாக மழைக்காலத்தில், தோலில் புண்கள் தோன்றக்கூடும்.

கோடையில் நிழலும் குடிநீரும் எப்போதும் கிடைக்கச் செய்யுங்கள். வெயில் ஏறுமுன் நடத்திச் செல்லுங்கள். கடுமையாக மூச்சிரைத்து, எச்சில் வடித்து, தள்ளாடினால் உடலைக் குளிர்ந்த நீரால் நனைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அறுவை சிகிச்சை, காயம், பிரிக்க இயலாத சிக்கு போன்ற காரணங்களுக்காக மருத்துவர் கூறினால் மட்டும் மழிக்கலாம். மற்றபடி, ஒரு நல்ல சீப்பும் சிறிது பொறுமையும் பின்னாளில் வரக்கூடிய பெரும் மருத்துவச் செலவைத் தவிர்க்கும்.