எதால் வகுத்தார்கள் என்று கேளுங்கள்

1, 2, 3. இந்த மூன்று எண்களை எக்ஸெலில் தட்டி, விலக்க வர்க்கச் சராசரி (வேரியன்ஸ்) எவ்வளவு என்று கேளுங்கள். வார்.எஸ் கட்டளை 1 என்று சொல்லும், வார்.பி 0.667 என்று சொல்லும். பைத்தானில் நம்பை தொகுப்பு 0.667 தரும். அதே பைத்தானில், அதே கணினியில், பாண்டாஸ் 1 தரும். ஆர் மென்பொருளிலும் 1. தரவுத்தளங்கள் பக்கம் போனால் இன்னும் வேடிக்கை: வேரியன்ஸ் என்ற ஒரே கட்டளைக்கு மைஎஸ்க்யூஎல் 0.667 என்கிறது, போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 1 என்கிறது. எதிலும் பிழைச் செய்தி வராது. ஆபத்து அங்கேதான்.

சராசரியிலிருந்து ஒவ்வோர் எண்ணும் விலகியிருக்கும் தூரத்தை வர்க்கப்படுத்திக் கூட்டினால் இங்கே 2 வரும். அதை 3ஆல் வகுப்பதா, ஒன்று குறைத்து 2ஆல் வகுப்பதா? மொத்தத் தகராறும் இவ்வளவுதான். நம் பத்தாம் வகுப்புப் பாடநூல் எண்ணிக்கையாலேயே வகுக்கச் சொல்லித்தருகிறது. கையில் இருப்பதே முழுத்தொகுதி என்றால் அது சரி. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் கல்வியறிவு விகிதம் இருக்கிறது, அவற்றுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு மட்டும் வேண்டும் என்றால் தாராளமாக 38ஆல் வகுக்கலாம். ஆனால் ஒரு கிணற்றுத் தண்ணீரை மூன்று தடவை அளந்ததும், ஒரு வயலில் ஐந்து செடியைப் பிடுங்கிப் பார்த்ததும் மாதிரிகள்தான். மாதிரியின் சராசரியை அந்த மாதிரியிலிருந்தேதான் எடுக்கிறோம். அதனால் அது அந்த எண்களுக்கு நடுவே வாகாக உட்கார்ந்துகொள்ளும். விலகல்கள் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அந்தக் குறையை ஈடுகட்டவே ஒன்றைக் கழித்து வகுக்கிறோம். பெஸல் திருத்தம் என்று இதற்குப் பெயர்.

எல்லா இடத்திலும் இதற்காகப் பதற வேண்டாம். கேட் தேர்வில் வெவ்வேறு அமர்வுகளின் மதிப்பெண்களைச் சமன்செய்யும் சூத்திரத்தில் திட்ட விலக்கம், அதாவது விலக்க வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம், வருகிறது. ஆயிரக்கணக்கானோர் எழுதும் அமர்வில் ஒன்றைக் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் தெரியும்படி எதுவும் மாறாது. இதைக் காட்டி வழக்குப் போடலாம் என்று யாராவது ஆசைகாட்டினால் நம்பாதீர்கள். 100 அளவீடுகள் இருந்தால் விலக்க வர்க்கச் சராசரியில் வித்தியாசம் சுமார் 1 சதவீதம். 5 அளவீடுகளில் 25 சதவீதம், 3 அளவீடுகளில் 50 சதவீதம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஆழ்துளைக் கிணற்று நீரை மூன்று முறை அளந்ததில் 1.38, 1.44, 1.50. சராசரி 1.44. மூன்றால் வகுத்தால் திட்ட விலக்கம் 0.049, இரண்டால் வகுத்தால் 0.060. திட்ட விலக்கத்தை 3இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சராசரியின் நிச்சயமின்மை வரும்; அதை இரண்டால் பெருக்கிச் சராசரியோடு சேர்த்தால், முதல் வழியில் 1.497, இரண்டாவது வழியில் 1.509. ஒன்று வரம்புக்குள் நிற்கிறது, மற்றது தாண்டிவிட்டது. தண்ணீரோ அதே தண்ணீர்தான். (கண்டிப்பான புள்ளியியலாளர் மூன்றே அளவீட்டுக்கு 2 போதாது, 4.3ஆல் பெருக்கு என்பார். சரிதான். பெரும்பாலான அறிக்கைகளில் அந்தக் கண்டிப்பு இருப்பதில்லை.)

கணக்குப் போடுகிற இடத்தில் இருப்பவர்களுக்கு முதல் வேலை, புதிதாக எந்த மென்பொருள் கைக்கு வந்தாலும் 1, 2, 3 கொடுத்துப் பார்ப்பது. எக்ஸெலின் பழைய வார் கட்டளை ஒன்றைக் கழித்தே வகுக்கும். நம்பையில் டிடிஓஎஃப் என்பதற்கு 1 கொடுத்தால்தான் கழிக்கும். பல கால்குலேட்டர்களில் சிக்மா குறி முழுத்தொகுதிக்கு, எஸ் குறி மாதிரிக்கு. ஆய்வேட்டில் 'திட்ட விலக்கம் எக்ஸெலில் கணக்கிடப்பட்டது' என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. எந்தக் கட்டளை, எத்தனை அளவீடு என்ற இரண்டையும் எழுதுங்கள். எண்ணிக்கை தெரிந்தால் தவறான விடையையும் மீட்டுவிடலாம்: மூன்றால் வகுத்துக் கிடைத்த திட்ட விலக்கத்தை 3/2இன் வர்க்கமூலத்தால், அதாவது 1.225ஆல் பெருக்கினால் போதும்.

அறிக்கையை வாங்குபவருக்கும் பிடி இருக்கிறது. தனியார் ஆய்வகம் என்றால், ஆய்வகங்களை அங்கீகரிக்கும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். அப்படியானால் அது பின்பற்றும் ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரநிலையின்படி, நீங்கள் கேட்டாலோ, முடிவு வரம்பை ஒட்டி நின்று நிச்சயமின்மை தீர்ப்பையே மாற்றும் என்றாலோ, அளவீட்டு நிச்சயமின்மையை அறிக்கையில் தர வேண்டும். மாதிரியைக் கொடுக்கும்போதே இதை எழுத்தில் கேட்பது நல்லது. மறுத்தால் என்ஏபிஎல்லிடமே புகார் செய்யலாம்.

அரசு அமைப்பு என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் அவகாசம். 'ஏன் இப்படிக் கணக்கிட்டீர்கள்?' என்று கேட்டால் பதில் நழுவிவிடும். கோப்பில் இருப்பதைத்தான் தருவார்கள். 'இந்தத் தேதியிட்ட பரிசோதனையின் தனித்தனி அளவீடுகள், கணக்கீட்டுத் தாளின் நகல்' என்று கேளுங்கள். மின்னணு வடிவில் பெறும் உரிமை 2(ஜே) பிரிவில் இருப்பதால், எக்ஸெல் கோப்பையே கேட்கலாம். எந்தக் கட்டளை போட்டார்கள் என்பது அதில் விடை உள்ள கட்டத்தைத் தொட்டாலே தெரியும். மறுப்பு வந்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.